காம்பு வாசம்

அந்த வருஷம் மாசி பிறந்ததுமே குழாய்த் தண்ணீர் சுருங்கிவிட்டது. போர்ட் பிளேயரில் எட்டு மாதம் மழை பெய்யும். மீதி நான்கு மாதம் குடத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதற்கும் ஒரே குழாய். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். சில நாள் அதுவும் கிடையாது. வீட்டுக்கு நான்கு குடம் கிடைத்தால் குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று, பாத்திரம் துலக்க ஒன்று, மூன்று பேர் குளிக்க ஒன்று. இதில் ஒருவரே ஒரு நாளில் இரண்டு முறை குளிக்க இடமில்லை.

எனக்கு இரண்டு முறை குளித்தாக வேண்டியிருந்தது.

நான் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். என் அப்பா கட்டட ஓவர்சியராகத் தீவுக்கு வந்தவர்; என்னைச் சென்னைக்கு அனுப்பி ஒரு வருஷப் பயிற்சி முடிக்க வைத்தார். திரும்பி வந்ததும் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவரோடு கல்யாணம் ஆனது. நான் சொல்லும் காலம் அறுபதுகளின் கடைசி. அப்போது எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

காலையில் ரத்தத் தகடுகள். பாராடாங், லாங் ஐலண்ட் பக்கத்து மரம் வெட்டும் முகாம்களிலிருந்து காய்ச்சல்காரர்களின் ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றிப் படகில் அனுப்புவார்கள். நான் அதற்குச் சாயம் ஏற்றி, ஒரு சொட்டு தேவதாரு எண்ணெய் விட்டு, மைக்ராஸ்கோப்பில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மத்தியானம் சளி, மலம், மூத்திரம். மாலையில் மேஜையை லைசால் விட்டுக் கழுவிவிட்டு வீட்டுக்கு நடப்பேன். ஒரு நாள், கை சும்மா இருந்த ஒரு நேரத்தில், என் மேல் இருக்கும் வாசனைகளை நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன்: விரல் நுனியில் தேவதாரு, முடியில் தகடு துடைக்கும் ஸைலீன், சேலைக் கரையில் பினாயில், ரவிக்கைக் கையில் ஸ்பிரிட், மற்ற இடமெல்லாம் லைசால். வேர்வையை எழுதவில்லை. அது எல்லாருக்கும் உள்ளது.

மழைக்காலம் இருந்தவரை இது பிரச்சினையாக இல்லை. வீட்டுப் பின்புறம் பீப்பாயில் கூரைத் தண்ணீர் நிறைந்திருக்கும். நேராகப் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டு உள்ளே வருவேன். தை மாதக் கப்பலில் மாமியார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். கப்பலில் கால் வைத்ததிலிருந்து இறங்கும்வரை வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர். வந்த பிறகு வாசனை என்றாலே அவருக்கு வயிறு புரட்டியது. மாசியில் பீப்பாய் வற்றியது. நான் குளிக்காமல் உள்ளே வர ஆரம்பித்தேன்.

முதலில் அடுப்படிக்கு வரவேண்டாம் என்றார். பிறகு என் தட்டைப் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தார். நான் துவைத்த துணியோடு அவர் துணியைப் போடுவதில்லை. ஒரு வியாழக்கிழமை, மகன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"எய்யா, நீ ஆஸ்பத்திரிக்குப் போனா வீட்டுக்கு வருவ. ஒம் பொண்டாட்டி போனா ஆஸ்பத்திரியே வீட்டுக்கு வருது. ஒண்ணு அவ வேலைய விடட்டும். இல்ல, அடுத்த கப்பலுக்கு எனக்குச் சீட்டு எடு. வாந்தி எடுத்துச் செத்தாலும் பரவால்ல."

என் கணவர் கெட்டவரல்ல. சண்டை என்றால் அவருக்கு ஆகாது, அவ்வளவுதான். மறுநாள் ஆபீஸிலிருந்து நல்ல தாள் ஒன்று கொண்டுவந்து, அழகான ஆங்கிலத்தில் என் ராஜினாமாக் கடிதத்தை எழுதினார். தேதி போடவில்லை. மடிக்காமல் ரேடியோப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

"கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். அவசரம் இல்ல. அடுத்த கப்பல் வரதுக்குள்ள" என்றார்.

மெயின்லேண்டிலிருந்து கப்பல் வர மூன்று வாரம் இருந்தது.

உள்ளதைச் சொன்னால், எனக்குக் களைப்பாக இருந்தது. காலையில் குழாய், பகலில் மைக்ராஸ்கோப், மாலையில் தாழ்வாரத்துத் தட்டு. கையெழுத்துப் போட்டால் இவற்றில் இரண்டு ஒரேயடியாகப் போய்விடும். போட்டுவிடலாம் என்று பலமுறை பேனாவை எடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு தகட்டை வைத்து, திருகைத் திருப்பி, மங்கலாக இருந்தது தெளியும்போது சிவப்பணுவுக்குள் சின்ன மோதிரம் போலக் கிருமி தெரியும். அதை எழுதி அனுப்பினால் பாராடாங்கில் ஒருவருக்கு மாத்திரை போகும். வீட்டில் நான் செய்யும் எதற்கும் அப்படி ஒரு விடை கிடைப்பதில்லை. அதை விட மனமில்லை. அதனால் மூன்று வாரத்துக்குள் என் மேல் உள்ள நாற்றத்தை எப்படியாவது மறைக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

தேவையானவற்றை எழுதினேன். லைசாலை மூட வேண்டும். நடந்து வரும் அரைமணி வேர்வையில் கரையக் கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம்: சென்ட் மாதிரி இருக்கக் கூடாது. சென்ட் போடும் பெண் என்றால் எங்கள் வரிசையில் ஓர் அர்த்தம் உண்டு; என் மாமியார் அகராதியில் அதைவிட மோசமான அர்த்தம். ஆகவே பூ மாதிரி இருக்க வேண்டும். எந்தப் பூ? மல்லிகை லைசாலோடு சேர்ந்தால் கழிப்பறை வாசனை வரும். இதைச் சோதித்துப் பார்க்கவே வேண்டாம், லேப்பில் யாராவது ஒருநாள் வைத்துக்கொண்டு வந்தால் தெரிந்துவிடும். சந்தனம் தேவதாருவுக்குப் பக்கத்து வீடு, எதையும் மறைக்காது. மிச்சம் ரோஜா. மாமியாரும் ஒருமுறை, பக்கத்து வீட்டுத் தாழம்பூ ஊதுவத்தியைத் திட்டும்போது, வாசம்னா ரோஜா வாசம்தான், மத்ததெல்லாம் மண்டையிடி என்று சொல்லியிருந்தார்.

அபர்டீன் பஜாரில் கீழக்கரைக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கண்ணாடி வளையல், சீப்பு, குடை. பின்பக்கம் ஒரு மர அலமாரியில் அத்தர். நாங்கள் எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். ரோஜா வேண்டும், பூவே வைத்திருக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றேன்.

"தங்கச்சி, கேக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க" என்றார். "ஆனா அஸ்லி குலாப்பை, நெச ரோஜாவைக் குடுத்தா வேணாங்கறாங்க. நக்லி, போலியைக் குடுத்தா ஆகா, அசல் ரோஜாங்கறாங்க."

நான் லேப்பிலிருந்து வடிதாளைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு, நோட்டுக்குள் தனித்தனிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பாய் சிரிக்கவில்லை. இரண்டாவது நாள் நான் போகும் முன்பே அவரே காகிதத் துண்டுகளை வெட்டி வரிசையாக வைத்திருந்தார்.

பன்னீர், கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது, கால்மணியில் போய்விட்டது. கல்கத்தாவிலிருந்து வந்த நீலப் புட்டி சென்ட், திறந்ததும் சர்பத், ஒரு மணி நேரத்தில் சோப்பு, மத்தியானத்துக்கு மேல் ஃபவுண்டன் பேனா மசி. சிவப்பாக இருந்த அத்தர் ஒன்று மிட்டாய்க்கடை வாசனை அடித்தது. காகிதத்தில் விட்ட கறை மணத்தைவிட அதிக நாள் இருந்தது. ரோஜாப் பவுடரை எழுதவே இல்லை. கடைசியில் அலமாரியின் மேல்தட்டிலிருந்து விரல் நீளப் புட்டி ஒன்றை இறக்கினார். சந்தன எண்ணெயில் ரோஜாவை வடித்த நல்ல அத்தர். அது கிட்டத்தட்ட வந்தது. ஆனால் அதிலும் ஏதோ குறைந்தது. ரோஜாவை நன்றாகத் தெரிந்த ஒருவர் மூடிய அறைக்குள் உட்கார்ந்து ரோஜாவைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. பூ அங்கே இல்லை.

எது குறைகிறது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு என் தப்பு புரிந்தது. எதோடும் ஒப்பிடாமல் சோதனை செய்துகொண்டிருந்தேன். சந்தேகத் தகட்டைப் பார்க்கும் முன் தெரிந்த தகடு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ரோஜாவை நான் கடைசியாக மோந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஞாபகத்தை வைத்து எதையும் அளக்க முடியாது.

எங்கள் பக்கத்தில் ரோஜா கிடையாது. எட்டு மாத மழையில் வேர் அழுகும். மிச்சம் நான்கு மாதம் உப்புக்காற்று. செம்பருத்தி வேலி முழுக்கப் பூக்கும், வாசம் இருக்காது. ஒரே ஒரு ரோஜாச்செடி மேட்டுப் பங்களாவில் இருந்தது என்பது ஊருக்கே தெரியும். அங்கே குடியிருந்த அதிகாரியின் மனைவி வடக்கே எங்கிருந்தோ தொட்டியோடு கப்பலில் கொண்டுவந்து, மழைக்கு வராந்தாவில், வெயிலுக்கு வாசலில் என்று குழந்தையைத் தூக்குவது போல மாற்றி மாற்றி வைத்து வளர்த்தார். ஒரு பூ பூத்தால் குழாயடியில் பேசுவார்கள்.

அந்த அம்மாவை எனக்குத் தெரியும். கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் வந்து நான்தான் விரலில் ஊசி குத்தினேன். ஒரு நாள் வேலை முடிந்து மேடு ஏறினேன். அவர் கணவர் பாராடாங் முகாமுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வாசலில் டிரைவர் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அரைகுறை ஹிந்தியில் நான் கேட்டது அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பறித்துக்கொள்ளச் சொல்லிக் கத்தரியை எடுக்கப் போனார். வேண்டாம், மோந்து பார்த்தால் போதும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பிரம்பு மோடா ஒன்றை நான் உட்கார இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டார்.

உட்கார்ந்து மோந்தேன். நோட்டில் எழுதினேன். மேலே தேன் மாதிரி கொஞ்சம், நடுவில் எலுமிச்சைத் தோல், கொஞ்சம் மிளகு, அடியில் தேயிலை. இதெல்லாம் பாயின் அத்தரிலும் ஏறக்குறைய இருந்தது. இல்லாதது பச்சை. பூவைத் தாங்கும் காம்பும், அதன் கீழ் இரண்டு இலையும், கிள்ளினால் கையில் ஒட்டும் ஒரு கசப்பு வாசம். பூ உயிரோடு இருக்கிறது என்று சொல்வது அதுதான்.

மறுநாள் பாயிடம் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் தாடியைத் தடவினார். பிறகு உள்ளே போய், மருந்துக் குப்பி மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இது பூவே இல்ல. நீலகிரிப் பக்கம் ஒரு செடி, அதோட இலையில காய்ச்சின எண்ணெய். ரோஜா மாதிரி வரும், ஆனா பச்சையா வரும். சோப்புக்காரங்க வாங்கறது. யாரும் இதை மேல பூசிக்க மாட்டாங்க தங்கச்சி."

பத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தோம். அதிகம். இருபதுக்கு ஒன்று. முப்பதுக்கு ஒன்றில் நான் துண்டைக் கீழே வைத்தேன். பாய் எடுத்து மோந்தார். கடை வாசலைப் பார்த்தார், யாரோ பூக்கூடையோடு வந்துவிட்டது போல.

அந்த விகிதத்தில் ஒரு சின்னப் புட்டி கலந்து கொடுத்தார். கண்ணாடி மூடி கொஞ்சம் ஆடியது. வேறு புட்டி இல்லை, படுக்க வைக்காதே என்றார்.

பூசிக்கொள்வதற்கும் ஓர் ஒழுங்கு வைத்தேன். காலையில் போட்டால் லேப்பில் வீண். மாலையில் மேஜை கழுவிய பிறகு கையை இரண்டு முறை சோப்புப் போட்டு, காது மடலுக்குப் பின்னால் ஒன்று, பின்கழுத்தில் முடிக்கு அடியில் ஒன்று, சேலைத் தலைப்பின் உள்பக்கம் ஒன்று. மூன்றே தொடல். நடக்கும் சூட்டில் அது மெல்ல விரிந்து, வீட்டு வாசலுக்கு வரும்போது பூவாகியிருக்கும்.

முதல் நாள் எந்த மாற்றமும் இல்லை. இரண்டாம் நாள், கதவருகில் நான் நின்றபோது மாமியார் மூக்கு இரண்டு தரம் அசைந்தது, முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் நாள் என் தட்டு தாழ்வாரத்திலிருந்து நடைக்கு வந்தது. ஐந்தாறு அடிதான். நான் அதை நோட்டில் எழுதினேன். கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது.

நான்காம் நாள் காலை குழாயடியில் எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். மேட்டுப் பங்களா ஜீப் டிரைவரின் மனைவி. தலைப்பில் முந்தின நாள் மணம் இருந்திருக்க வேண்டும். என் கொண்டையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"என்னக்கா, வாசம் வருது, பூவைக் காணோம்?" என்றாள்.

"வெறும் வாசம்தான்" என்றேன். இதைவிட மோசமாக ஒருவர் பதில் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அப்போது என் கண் குடத்தில் இருந்தது.

அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது தட்டு தாழ்வாரத்துக்குத் திரும்பியிருந்தது. மாமியார் நடை நடுவில் நின்றார். மகனை ஏற்கெனவே உட்கார வைத்திருந்தார். குழாயடியில் காலையில் பேசியது முழுவதும் மத்தியானத்துக்குள் அவர் காதுக்கு வந்திருந்தது: லேப்காரி மேட்டுப் பங்களாவுக்குப் போனாள், டிரைவரே கண்ணால் பார்த்தார், அன்றிலிருந்து அவள் மேல் ரோஜா மணக்கிறது, ஊரில் ரோஜா இருப்பது ஓரிடத்தில்தான், தலையில் வைக்க முடியாத பூவை எதற்கு வாங்குகிறாள்.

மாமியார் கிட்டே வந்தார். சந்தையில் பூசணிக்காயை மோந்து பார்ப்பது போல என் தோளிலும் கழுத்திலும் மூக்கை வைத்தார்.

"அந்தப் பங்களா தொரை எத்தன பூ குடுத்தாரு?"

"அத்தை, இது அத்தர். பஜார்ல பாய் கடையில வாங்கினது."

"ஏட்டி, எனக்கு மூக்கு அவிஞ்சா போச்சு? அத்தர்னா அத்தரா வீசும். இது பூவு. காம்பு வாசம் வருது. எல கசக்குன வாசம் வருது. அத்தருக்கு ஏதுட்டி காம்பு?"

அந்த நேரத்தில் எனக்குப் பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. முப்பதுக்கு ஒன்று சரியான விகிதம் என்று தெரிந்துவிட்டது. இதைவிட நம்பகமான சோதனை இருக்க முடியாது. அப்புறம்தான் கால் வலித்தது. காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன் என்று நினைவு வந்தது. சர்பத் வாசம் அடித்த நீலப் புட்டியை வாங்கியிருந்தால் சென்ட் போடுகிறவள் என்ற பெயரோடு தப்பித்திருப்பேன்.

"பங்களாவுக்குப் போனியா?" என்று என் கணவர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"போனேன்."

"எதுக்கு?"

"பூவை மோந்து பார்க்க. அந்த அம்மா பக்கத்துலயே இருந்தாங்க. அவங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்ல."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "இத நான் யார்கிட்டச் சொல்ல முடியும்?" என்றார். நம்பவில்லை என்று அவர் சொல்லவில்லை. ரேடியோவுக்கு அடியிலிருந்து கடிதத்தை இழுத்து ரேடியோ மேல் போட்டு, சட்டைப்பையில் இருந்த பேனாவை அதன் மேல் வைத்தார். கப்பல்வரை காத்திருப்பது முடிந்தது என்று புரிந்துகொண்டேன்.

பையிலிருந்து புட்டியை எடுத்து மாமியாரிடம் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. காலிப் புட்டியில் யார் வேண்டுமானாலும் எதையாவது ஊற்றிக் காட்டலாம் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. என் மேலேயே பூசிக்காட்டினால் பழைய மணமா புது மணமா என்று பிரிக்க முடியாது. என் கை, என் துணி, நான் தொட்ட எதுவும் இந்தச் சோதனைக்கு உதவாது. வீட்டில் ரோஜாவும் லைசாலும் படாத தோல் ஒன்றுதான் இருந்தது.

"அத்தை, உங்க கையைக் குடுங்க."

"எனக்கெதுக்குட்டி? வெள்ளச்சீல கட்டுனவளுக்கு."

"மோந்து பார்க்கத்தான்."

அவர் உடனே நீட்டவில்லை. மகன் பக்கம் திரும்பினார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையைக் கொஞ்சமாக, யாராவது கேட்டால் இழுத்துக்கொள்ளலாம் என்பது போல, முன்னால் கொண்டுவந்தார். கண்ணாடி மூடியின் நுனியால் மணிக்கட்டில் ஒரு முறை தொட்டேன்.

"இப்போ வேண்டாம். கொஞ்ச நேரம் கழிச்சு மோந்து பாருங்க" என்றேன்.

நான் நடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். உட்காரும்படி யாரும் சொல்லவில்லைதான். சுவர் பகல் வெயிலை இன்னும் வைத்திருந்தது. மாமியார் கையை மூக்கருகே கொண்டுபோனார். முதலில் சந்தனம் வந்திருக்கும்; முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. இரண்டாம் தரம் மோந்தபோது அது போய்விட்டது. மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமனார் இறந்து பன்னிரண்டு வருஷம். அதற்குப் பிறகு அவர் பூ எதையும் மூக்கருகே கொண்டுபோயிருக்க மாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது. மருமகள் என்ற முறையில் அதற்கு முன்னாலேயே தோன்றியிருக்கலாம்.

அவர் மணிக்கட்டைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். என் கணவர் பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் செருகினார். கடிதம் ரேடியோவுக்கு அடியில் போகவில்லை; அதன் மேலேயே கிடந்தது.

மறுநாள் காலை குழாயடிக்கு மாமியாரும் வந்தார். குடம் தூக்க முடியாதவர், இடுப்புவலி. அன்று ஒரு செம்பை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அவர் வரிசையில் நின்றதும் வீசிய ரோஜா மணத்தில் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. முந்தின நாள் ஒரே தொடல்தான் நான் தொட்டது. இது அதைவிட அதிகம். புட்டியை என் பையிலிருந்து எடுத்துத் தாராளமாகவே பூசியிருந்தார்.

டிரைவர் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"என்ன பெரியம்மா, உங்க மேலயா?"

"மண்டையிடிக்குத் தைலம்" என்றார் மாமியார். "எம் மருமவ ஆஸ்பத்திரில இருந்து கொண்டாந்தது. அவளே கலக்குனது."

"ரோஜாப்பூ வாசம்ல வருது?"

"மருந்துக்கு வாசம் இருக்கப்படாதா? ஒம் புருசன் மேல டீசல் நாறுது. எங்க போயிட்டு வாராம்னு நான் கேட்டனா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டிரைவர் மனைவியும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் குடத்தைக் குழாய்க்கடியில் தள்ளினாள். ஓர் அறுபது வயது விதவை மேட்டுப் பங்களாவுக்குப் பூ வாங்கப் போனாள் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இரண்டு நாளில் பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது: எனக்கும் அந்தத் தைலம் கிடைக்குமா, ஒற்றைத் தலைவலிக்குக் கேட்குமா, டாக்டர் சீட்டு வேண்டுமா. நான் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி அப்படி எதையும் தரவில்லை என்று வீட்டில் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். தரலேன்னா நீ தா, அதுக்குத்தான ஒங்கப்பன் படிக்க வச்சான் என்றார்.

புட்டி என்னிடம் திரும்பி வரவில்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில், விபூதிக் கிண்ணத்தோடு இருந்தது. தினமும் மாலை நான்கு மணிக்கு மேல், நான் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், மூக்குக்குக் கீழே ஒன்று, மணிக்கட்டில் ஒன்று தொட்டுக்கொள்வாராம். கணவர் சொன்னார். எனக்கு ரோஜா இல்லை. தேவதாரு, ஸைலீன், பினாயில், ஸ்பிரிட், லைசால் எல்லாம் பழைய இடத்தில் பழையபடி இருந்தன. ஆனால் கதவருகில் நான் நின்றால் அவர் மூக்கு அசையவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் ரோஜா நின்றது. அதை என் மேல் பூசாமல் அவர் மேல் பூசியிருக்க வேண்டும் என்பது மூன்று வாரம் நோட்டு எழுதியும் எனக்குத் தோன்றவில்லை.

கப்பல் வருவதற்கு முந்தின சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். மாமியார் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திட்டிக்கொண்டிருந்தார். ஆடுகிறது, வாசம் வீணாகப் போகிறது. ரேடியோ மேல் கிடந்த தாளை எட்டி எடுத்தார், ஓரத்தை அகலமாகக் கிழித்தார், கிழித்ததை மடித்து மூடியைச் சுற்றி இறுக்கமாக அடைத்தார். மிச்சத்தை நாலாக மடித்துப் புட்டிக்கு அடியில் எண்ணெய் படாமல் வைத்தார். அவர் ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். ஆனால் அந்தத் தாள் எதற்கு அங்கே கிடந்தது என்று தெரியாதவர் அல்ல.

"சீட்டு எடுக்கணுமா அம்மா?" என்று என் கணவர் கேட்டார்.

"யாருக்கு?" என்றார்.

கை கழுவ ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கோடையில் ஒரு செம்பு என்பது சின்ன விஷயமில்லை. தாழ்வாரத்தில் தட்டைத் தேடினேன், நடையிலும் இல்லை. அடுப்படியில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. குனிந்து குழம்பு ஊற்றியபோது சோற்றின் மேல் ரோஜா மணத்தது, காம்போடு. என் விரலில் லைசால் அப்படியே இருந்தது. பிசைந்து சாப்பிட்டேன். மறுநாளுக்கு லேப்பில் லாங் ஐலண்ட் தகடுகள் ஒரு கட்டு வந்து கிடந்தன.